பாட்னர் போட்ட வாக்கு

எங்கள் கிளப்பில் துறைமுகத்தைப் பார்த்த யன்னல்கள் ஐந்து. சண்டை திரும்பத் தொடங்கிய வருடம் ஐந்தையும் ஆணி அடித்து மூடச் சொல்லிக் கடற்படையினர் உத்தரவு போட்டார்கள். எந்தக் கப்பல் வருகிறது, எது போகிறது என்று கிளப்புக்குள் இருந்து ஆரும் பார்க்கக் கூடாதாம். உறுப்பினர்களில் பாதிப்பேர் துறைமுகத்திலேயே வேலை செய்கிறவர்கள். பகல் முழுக்கக் கப்பலுக்குள் நின்றவர்கள் பின்னேரம் அதே கப்பலை யன்னலால் பார்த்தால் ஆபத்து என்று எந்த மகான் கண்டுபிடித்தாரோ தெரியாது. நான் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசிக்கொண்டே ஆணியையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு நீள மண்டபம். மூலையில் சின்னதாக ஒரு பார், ஒரு கரம்போட், சீட்டு விளையாட மூன்று மேசை, கால் ஆடுகிற கதிரைகள். அந்த வருடங்களில் பின்னேரம் நாலு மணிக்குத் திறந்து ஆறு மணிக்கு மூடிவிடுவோம். இருட்டுவதற்கு முன் எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டும். மற்ற இருபத்திரண்டு மணித்தியாலமும் எங்கே வெடித்தது, ஆரைக் காணவில்லை, சம்பூர்ப் பக்கம் என்ன சத்தம் என்ற கதையிலேயே போகும். அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும் சீட்டில் துரும்பு எது என்பதைத் தவிர எங்களுக்கு வேறு கவலை இல்லை. அதற்காகத்தான் போனோம்.

ஐந்து யன்னலும் மூடிய மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் சிகரெட் பற்றவைத்தால் எப்படி இருக்கும்? வீதிப்பக்கம் ஒரே ஒரு யன்னல்தான் திறந்திருந்தது. மின்விசிறி புகையை வெளியே அனுப்பாமல் எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டது. தலைவர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். யாழ்ப்பாணத்துச் சுருட்டைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டார். அவர் பற்றவைத்தால் பக்கத்து மேசைக்காரருக்குத் தன் கைச் சீட்டே மங்கலாகத்தான் தெரியும். நான் நாளுக்கு ஒரு பெட்டி. அதில் ஏழெட்டு கிளப்பிலேயே முடிந்துவிடும். என் மனைவி வாசலிலேயே சேட்டைக் கழற்ற வைத்து, நேரே கிணற்றடிக்கு அனுப்பிவிட்டுத்தான் என்னைக் குசினிப் பக்கம் விடுவாள்.

இந்தப் புகைக்குள் இருந்துகொண்டு புகைக்காதவர்களில் என் சீட்டுப் பாட்னரும் ஒருவர். கிண்ணியாவில் பிறந்து, கல்யாணம் முடித்துப் பட்டினத்துக்கு வந்த முஸ்லிம் மனிதர். கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. முப்பது வருடம் சீமெந்துத் தூசிக்கும் மாத்தூசிக்கும் நடுவில் நின்றவர். குடிக்கவும் மாட்டார், பற்றவும் மாட்டார், பால் விடாத ஒரு பிளேன் ரீயோடு சரி. பார் இருக்கிற இடத்தில் உங்களுக்கென்ன வேலை என்று ஆரோ ஒருநாள் கேட்டதற்கு, நீங்கள் போத்தலுக்கு வருகிறீர்கள், நான் சீட்டுக்கு வருகிறேன், கதவு ஒன்றாகப் போனதற்கு நான் என்ன செய்ய என்று கேட்டாராம். மனைவி மௌத்தாகி மூன்று வருடம். ஒரே மகள் வெளிநாட்டில். வீட்டில் அவரும் ரேடியோவும்தான். நாலு மணிக்குக் கிளப் திறக்கும் என்றால் மூன்றே முக்காலுக்கே வந்து படியில் நிற்பார்.

நாங்கள் விளையாடியது முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம். எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு கட்சி. பதினொரு வருடம் என் எதிர்க்கதிரை அவருடையதுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை. எனக்கு அவர் பாட்னர், அவருக்கு நான் பாட்னர். சந்தையில் மீன் விலை கேட்டுக்கொண்டு நிற்கும்போது கண்டாலும் அதே பெயர்தான்.

அந்த விளையாட்டில் ஒரு முறை உண்டு. முதலில் ஆளுக்கு நாலு சீட்டுப் போடுவார்கள். அந்த நாலையும் பார்த்து, இவ்வளவு புள்ளி எடுப்பேன் என்று கேட்க வேண்டும். துணிவில்லாவிட்டால் விட்டுவிடலாம். இல்லையென்றால் ‘பாட்னர்’ என்று ஒரு சொல் சொல்லலாம். சொன்னால் எதிரே இருக்கிறவர் உங்களுக்காகக் கேட்டே ஆகவேண்டும். அவர் கையில் வெறும் குப்பை இருந்தாலும் விட ஏலாது. நான் பொறுமை இல்லாதவன். சீட்டைப் பார்த்த உடனேயே ‘பாட்னர்’ என்று சுமையை அவர் தலையில் போட்டுவிடுவேன். அவரோ பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கையில் ஒன்றும் இல்லாவிட்டால் பேசாமல் விட்டுவிடுவார். ஏன் என்னிடம் தரவில்லை என்று நான் சண்டை பிடித்தால், “உங்கட கையிலயும் ஒண்டும் இல்லாட்டி உங்களுக்குத்தானே கஷ்டம்” என்பார். எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

அந்த வருடம் அவருக்கு இருமல் பிடித்தது. முதலில் பகிடி பண்ணினோம். நல்ல துரும்பு வந்தால்தான் இருமுகிறார், இது கள்ளச் சைகை என்று எதிராக விளையாடியவர்கள் தலைவரிடம் முறைப்பாடு வைத்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு பகிடி தானாக நின்றுவிட்டது. விளையாட்டு நடுவில் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வீதிப்பக்க யன்னலுக்குப் போய்த் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினார். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும். எங்கே விட்டோம் என்று கேட்டுவிட்டுச் சீட்டை எடுப்பார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் அவருடைய மகள் வயதுப் பெண். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டார். தான் பற்றுவதே இல்லை என்று பாட்னர் சொன்னார். அப்படியென்றால் புகை எங்கே இருந்து வருகிறது என்று டொக்டர் கேட்டார். என் சேட்டுப் பையில் பெட்டி துருத்திக்கொண்டு நின்றது. டொக்டர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் தாய்ப்பாலின் நன்மைகளைப் பற்றி ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினேன். தூசியால் பாதி பழுதான நெஞ்சு இது, இனியும் புகைக்குள் போய் இருந்தால் மிச்சத்தைக் காப்பாற்ற ஏலாது, அந்த இடத்துக்கு இனிப் போகவே வேண்டாம் என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் பாட்னர் சந்தியில் நின்று, “கிளப்புக்கு வராம வீட்ட இருந்து என்ன செய்யிற பாட்னர்? செவரோடயா சீட்டு விளாடுற?” என்று கேட்டார். அடுத்தநாள் மூன்றே முக்காலுக்குப் படியில் நின்றார். நான் அன்றுமுதல் அவர் முகத்துக்கு நேரே பற்றவைப்பதில்லை. அடுத்த மேசைக்குப் போய் அங்கே இருந்து பற்றவைத்தேன். என்ன பெரிய தியாகம் பாருங்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் பேப்பரில் கதை வந்தது. பொது இடங்களுக்குள் சிகரெட் பிடிப்பதைத் தடுக்கச் சட்டம் வரப்போகிறதாம், ஹோட்டலும் கிளப்பும்கூடத் தப்பாதாம். மட்டக்களப்பில் இருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு வங்கி அதிகாரி அந்தப் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, சட்டம் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், நாங்களே தீர்மானம் போடுவோம் என்றார். அவருக்கு எந்த நேரமும் வாய் நிறைய வெற்றிலை. துப்புவதற்காகக் கதிரைக்கும் யன்னலுக்குமாக நடந்துகொண்டே சுத்தமான காற்றைப் பற்றிப் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளப் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு கிழமை ஒழுங்காக ஒரு ஆட்டம் நடக்கவில்லை. தலைவர், பேப்பரில் சிகரெட் என்றுதானே இருக்கிறது, சுருட்டைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று கண்ணாடியைப் போட்டுத் தேடினார். புதுமாப்பிள்ளை ஒருவர், மாமனார் தினமும் இந்த வீதியால்தான் சைக்கிளில் போகிறார், வெளியே நின்று பிடித்தால் தன் மானம் என்ன ஆவது என்று உண்மையாகவே கவலைப்பட்டார். பாருக்குள் நிற்கிற அண்ணனிடம் கருத்துக் கேட்டோம். அவர் இருமிக் காட்டினார். அது எந்தக் கட்சிக்கு என்பதிலும் சண்டை வந்தது.

பகிடியை விடுவோம். வங்கிக்காரர் சொன்ன வழி கேட்கச் சுகமானது. பிடிக்கிறவர்கள் வெளியே போய்ப் பிடிக்கட்டும் என்றார். மற்ற ஊர்களில் வெளியே என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. எங்கள் கிளப்புக்கு வெளியே என்றால் பின்பக்கம் முட்கம்பி, அதற்கு அங்கால் கடற்படை. முன்பக்கம் ஒரு வேப்பமரம், கொஞ்ச நிலம், வீதி, வீதிக்கு மற்றப்பக்கம் மண்மூட்டை அடுக்கிய காவலரண். அதற்கு முந்திய மாதம்தான் எங்களோடு கரம் விளையாடுகிற ஒருவர் காற்று வாங்க அந்த வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். ஆருக்காக நிற்கிறாய், எதைப் பார்க்கிறாய் என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு போய் அடுத்தநாள் மத்தியானம்தான் விட்டார்கள். அடி ஒன்றும் இல்லை என்று அவர் மனைவி சொன்னார். ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு கிளப் பக்கமே வரவில்லை. நாங்கள் உள்ளே வந்து இருந்ததே வெளியே நிற்காமல் இருக்கத்தான். இது புதிதாக வந்த வங்கிக்காரருக்கு விளங்கவில்லை.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. தடை வேண்டாம், ஒரு யன்னலைத் திறந்தால் போதும். புகையும் போகும், பாட்னரும் இருப்பார், நானும் பிடிப்பேன். தலைவரின் கையெழுத்தோடு கடிதம் அடித்துக்கொண்டு கடற்படை முகாமுக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகக் கதிரை தந்தார். அந்த யன்னலால் என்ன தெரியும் என்று கேட்டார். கடல் தெரியும் என்றேன். அதுதான் பிரச்சினை என்றார். மேலிடத்துக்கு அறிவிப்பதாகச் சொல்லித் தேத்தண்ணீர் தந்து அனுப்பிவிட்டார். மேலிடம் இன்றுவரை பதில் போடவில்லை.

அப்போதே நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வங்கிக்காரரைக் கண்டால் எனக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. நான் எழும்பிப் பெரிய பிரசங்கமே வைத்தேன். ஆணி அடித்தவனைக் கேட்காமல் எங்களை வெளியே துரத்துகிறீர்களா, நாளைக்கு ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனால் உங்கள் தீர்மானமா போய் மீட்டுக்கொண்டு வரும் என்று கேட்டேன். கை தட்டினார்கள். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நான் ஒற்றைக்காலில் நின்றதற்கு உண்மைக் காரணம் வேறு. எனக்குச் சிகரெட்டை விட ஏலாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

வங்கிக்காரர் பதிலுக்கு எழும்பி யன்னலடியில் இருந்த பாட்னரைக் கையால் காட்டினார். இந்த மனிதரின் நெஞ்சுக்காகவாவது தடை வேண்டும், இல்லையென்றால் இவர் நாளையில் இருந்து வீட்டில்தான் இருக்க வேண்டி வரும் என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பாட்னர் குனிந்துகொண்டு, தன் நெஞ்சைத் தன் பாட்டில் விடச் சொன்னார். அதற்கிடையில் இருமலும் வந்துவிட்டது.

கை உயர்த்த வேண்டாம், ஒவ்வொருவராகக் கேட்கிறேன் என்றார் தலைவர். கேட்டுக்கொண்டே வந்தார். தடைக்கு ஒன்பது, எதிராக ஒன்பது. மிச்சம் பாட்னர் மட்டும்தான். வங்கிக்காரர் வென்றுவிட்ட முகத்தோடு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். எனக்கும் அது முடிந்த கதையாகத்தான் பட்டது.

“நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்று தலைவர் கேட்டார்.

பாட்னர், முதல் நாலு சீட்டை விரித்துப் பார்க்கிற மாதிரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்னர்” என்றார்.

முதலில் சிரிப்பு எழும்பியது. பிறகு அடங்கியது. வங்கிக்காரர் கிளப் யாப்பில் இப்படி ஒரு வாக்கு இல்லை என்று எழும்பினார். தலைவர் அவரைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“யாப்பில இல்லாமல் இருக்கலாம், இந்த மேசையில இருக்கு. அவர் சொல்லிட்டார். அவருக்காக நீங்கள் கேட்டே ஆகவேணும். விட ஏலாது.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பதினொரு வருடம் சொல்லாத மனிதர் இன்றைக்கா இதைச் சொல்ல வேண்டும்? தடை வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நெஞ்சு தப்பியிருக்கும். ஆனால் நான் வேப்பமரத்தடிக்குப் போவேன் என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் அவர் கதிரை காலியாகும். தன் வாயால் என்னை வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அதனால் தன் நெஞ்சைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு யன்னலடியில் இருக்கிறார். அவருடைய சீட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டும்போது பக்கத்தில் நின்றவன் நான். அவ்வளவு பேருக்கு முன்னால் அழுதுவிடுவேனோ என்றுகூடப் பயந்தேன். கையில் இருந்த சிகரெட் விரலைச் சுட்ட பிறகுதான் அது எரிகிறது என்பதே நினைவுக்கு வந்தது.

“புகை வேண்டாம்” என்றேன்.

பத்துக்கு ஒன்பது. தலைவர் தன் சுருட்டைச் சாம்பல் தட்டில் அமுக்கி அணைத்தார். பாதிதான் எரிந்திருந்தது.

திங்கட்கிழமையில் இருந்து தீர்மானம் நடைமுறைக்கு வந்தது. அரைவாசிப்பேர் வீட்டுக்குப் போகும்வரை பொறுத்துக்கொண்டார்கள். புதுமாப்பிள்ளை வெற்றிலைக்கு மாறினார். என்னால் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க ஏலவில்லை. துரும்பைத் தெரியாமல் எறிந்து, நல்ல ஆட்டம் ஒன்றைக் கெடுத்துவிட்டு எழும்பி வெளியே போனேன். வேப்பமரத்தடியில் கோட்டைக்குள் இருந்து ஊருக்குள் மேய வருகிற மான்களில் ஒன்று ஆரோ எறிந்த சிகரெட் பெட்டியை மென்றுகொண்டு நின்றது. நான் நெருப்புப் பெட்டியை எடுத்தேன். வீதிக்கு மற்றப்பக்கம் காவலரணில் இருந்த பொடியன் நிமிர்ந்து துவக்கைச் சரிப்படுத்தினான். ஆனாலும் பற்றவைத்தேன். சிகரெட் என்கிற கோதாரி அப்படிப்பட்டது.

பின்னால் கதவு திறந்தது. பாட்னர் மெதுவாக நடந்து வந்து எனக்கும் காவலரணுக்கும் நடுவில் நின்றுகொண்டார். காவலரணைப் பார்த்துத் தலையை ஆட்டி ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு அன்றைக்குக் கீரிமீன் என்ன விலை போனது என்று எனக்குச் சொல்லத் தொடங்கினார்.

“உங்களுக்கென்ன விசரே?” என்று கத்தினேன். “உந்தப் புகைக்குத்தானே அவ்வளவு கூத்தும். உள்ளுக்குப் போங்கோ!”

“தனிய நிண்டா சந்தேகம் பாட்னர்” என்றார். “ரெண்டு பேர் நிண்டா கதை.”

அவன் துவக்கைத் தாழ்த்தியது உண்மைதான். நான் புகையை மற்றப்பக்கம் ஊதினேன். துறைமுகக் காற்று அதைக் கொண்டுவந்து நேராக அவர் முகத்திலேயே போட்டது. அவர் இருமி, கண்ணைத் துடைத்து, மீன் கதையை விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார்.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். அவர் சீட்டைக் கலைத்துப்போடும் நேரம் பார்த்து நழுவிப் போனேன். சீட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து நின்றார். அன்றைக்குக் கதை தேங்காய் விலை. புதன்கிழமை வீட்டிலேயே ஏழெட்டைப் பிடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஐந்து மணிக்குக் கால் தானாக எழும்பியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய் மரத்தடியில் நின்றேன். கதவு திறந்த சத்தம் கேட்டது. வந்து நின்றவருக்குக் கதைக்க ஏலவில்லை. இருமல் விடவில்லை. ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் காவலரணுக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று காட்டிக்கொண்டு நின்றார்.

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வாயில் இருந்ததை எடுத்து மண்ணில் போட்டு மிதித்தேன். பெட்டியையும் தூக்கி எறிந்தேன். அதில் இன்னும் ஆறு மிச்சம் இருந்தன. மான் வந்து மணந்து பார்த்துவிட்டு அட்டையை மட்டும் கடித்துக்கொண்டு போனது. பாட்னருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பால் திரும்ப இருமல் வந்தது. நான் அவரை ஏசிக்கொண்டே தோளில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் எரிந்து விழாத ஆள் கிளப்பில் இல்லை. வங்கிக்காரரோடு இரண்டு தடவை கைகலப்பு வரை போனேன். பாட்னர் மட்டும் முன்பு போலவே எதிர்க்கதிரையில் இருந்து, நான் பிழையாக எறிந்த சீட்டுகளுக்கெல்லாம் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யன்னல்களின் ஆணியைச் சண்டை முடிந்த பிறகுதான் கழற்றினோம். குறட்டால் ஆணியைப் பிடித்து இழுத்தது நான், யன்னல் கதவைத் தாங்கிக்கொண்டது அவர். ஐந்தாவது யன்னல் திறந்தபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் இருமல் வரவில்லை.

சிகரெட்டை எப்படி விட்டீர்கள் என்று இன்றைக்கும் என்னிடம் ஆட்கள் கேட்பார்கள். நெஞ்சு வருத்தம் என்று சொல்லுவேன். ஆருடைய நெஞ்சு என்று சொல்வதில்லை.